ஐபி முகவரி: எதைத் தானாக விடுவது, எதைக் கையால் எழுதுவது? முழுமையான வழிகாட்டி

மியான்மரின் யாங்கோனில் மின்சாரம் திரும்பியதும் தெரு முழுக்க "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று ஒரு கூச்சல் எழும். அடுத்த பத்து நிமிடத்தில் எனக்குப் போன் வரும். "அண்ணே, கரண்ட் வந்திருச்சு, ஆனா பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது." அனோரதா சாலையை ஒட்டிய தெருக்களில் நம் ஆட்கள் நடத்தும் ஜெராக்ஸ் கடைகள், ஒரு கணக்கு அலுவலகம், கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலைநேரக் கணினி வகுப்பு என்று சில இடங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிற போன்களில் பாதிக்குக் காரணம் இரண்டில் ஒன்றுதான். எல்லாவற்றையும் தானாக ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) எடுக்க விட்டிருப்பார்கள், இல்லையென்றால் யாரோ வந்து எல்லாக் கணினியிலும் கையால் எண் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

நான் செய்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கணினியும் போனும் தானாகவே எடுக்கட்டும். முகவரி மாறவே கூடாத கருவிகள் ஒரு கடையில் மூன்றோ நாலோதான் இருக்கும். அவற்றின் முகவரியையும் முடிந்தவரை ரவுட்டரில் பதிந்து வைப்பேன், கருவிக்குள் போய் எழுத மாட்டேன். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஐந்தாவதை விட்டுவிட்டு ஏழாவதைச் செய்தவர்கள்தான் இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். இது வைஃபை கடவுச்சொல் இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய உதவுவது. பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். யாராவது மாற்றியிருந்தால் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அது கிடைக்கவில்லை என்று ஊசியை எடுத்து ரீசெட் துளையில் குத்திவிடாதீர்கள். ஃபைபர் இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் பல இடங்களில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். ரீசெட் செய்தால் அவையும் சேர்ந்து அழியும். அப்புறம் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் ஆள் வரும்வரை கடையில் இன்டர்நெட் இருக்காது.

அடுத்து ஒரு நெட்வொர்க் கேபிள். ரவுட்டரில் மாற்றம் செய்யும்போது வைஃபை அறுந்து போகலாம். கேபிளில் இருந்தால் பாதியில் தொங்க வேண்டியதில்லை. பிறகு ஒரு நோட்டும் பேனாவும். போனில் படம் எடுத்து வைத்தாலும் நோட்டில் எழுதுங்கள். நெட்வொர்க் விழுந்த நாளில், ஆறாவது மாடியில், இருட்டில் உதவுவது நோட்டுதான்.

நேரமும் முக்கியம். மின்சாரம் நாலு மணி நேரம் இருந்து நாலு மணி நேரம் போகிற முறை நடக்கும் மாதங்களில், கரண்ட் வந்தவுடன் வேலையை ஆரம்பியுங்கள். ரவுட்டர் அமைப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போவதைப் போல எரிச்சல் வேறில்லை.

2. நாலு எண்கள்: எது எதற்கு

டவுன்டவுன் குடியிருப்புகளின் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போ பையோ இருக்கும். செய்தித்தாள் போடுகிற பையன் மாடி ஏறுவதில்லை. சரியான கயிற்றில் மாட்டி இழுப்பான், மேலே மணி அடிக்கும். ஐபி முகவரி அந்தக் கயிறு மாதிரி. இரண்டு வீட்டுக் கயிறுகள் ஒரே இடத்தில் பின்னிக் கிடந்தால் உங்கள் பேப்பர் அடுத்த வீட்டுக்குப் போகும். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி விழுந்தாலும் அதுதான் நடக்கும்.

சப்நெட் மாஸ்க் என்பது எவையெல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன என்பதைச் சொல்வது. 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கிற எல்லாம் ஒரே கட்டடம். கடைசி எண் 1 முதல் 254 வரை உங்களுக்கு. 0, 255 இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்கக் கூடாது.

கேட்வே என்பது தெருவுக்குப் போகிற வாசல். சிறிய இடங்களில் அது ரவுட்டரின் முகவரியேதான். டிஎன்எஸ், இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவது.

தானியங்கி முறையில் இந்த நாலையும் ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற சேவை கொடுக்கிறது. கருவி உள்ளே வந்ததும் "யாராவது இருக்கிறீர்களா, எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும். ரவுட்டர் ஒரு முகவரியைக் காட்டும், கருவி அதைக் கேட்டு வாங்கும், ரவுட்டர் உறுதி செய்யும். கொடுப்பது சொந்தமாக இல்லை, குத்தகைக்கு. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். இந்தக் குத்தகைதான் நம் ஊர் மின்வெட்டோடு சேர்ந்து விளையாடுகிறது. ஐந்தாவது படியில் வருகிறேன்.

3. மாற்றும் முன் இருப்பதை எழுதுங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் /ஆல் என்று, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் அடியுங்கள். நிறைய வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஐந்தே வரிகள்: ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர்கள்.

கேட்வேயும் டிஎச்சிபி சர்வரும் ஒரே எண்ணா என்று பாருங்கள். சின்ன நெட்வொர்க்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால், அல்லது ஒரு கணினியில் ஒன்றும் பக்கத்துக் கணினியில் இன்னொன்றும் காட்டினால், உள்ளே இரண்டாவது ரவுட்டர் ஒன்று முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பத்தாவது பகுதிக்குப் போய் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். கருவி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டது. மின்சாரம் வந்தவுடன் இது அடிக்கடி நடக்கும்: கணினி அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டியும் (வெளியிலிருந்து இணைப்புக் கம்பி வந்து சேரும் பெட்டி) ரவுட்டரும் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இதைப் பார்த்ததும் கையால் எண் போடப் போகாதீர்கள். வைஃபையை அணைத்துப் போடுங்கள், அல்லது கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். ரவுட்டர் அதற்குள் எழுந்திருந்தால் சரியான முகவரி வந்துவிடும்.

கையால் போட்டால் என்ன ஆகும் என்பதை வகுப்புக்கு வந்த ஒரு தம்பி என் கண்முன்னே நிரூபித்துக் காட்டினான்: 169.254-ஐப் பார்த்துவிட்டு, அதே எண்ணை எடுத்துக் கையாலும் எழுதி, கேட்வேக்கு மட்டும் ரவுட்டரின் முகவரியைப் போட்டான். கட்டடம் ஒன்று, வாசல் வேறு கட்டடத்தில். எப்படித் தெருவுக்குப் போவது?

4. எதற்கு நிலையான முகவரி வேண்டும்

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மற்ற கருவிகள் இதைத் தேடி வருமா? வரும் என்றால் நிலையான முகவரி வேண்டும். வராது, இதுதான் வெளியே போகும் என்றால் தானாக விடுங்கள்.

பிரிண்டரைத் தேடி எல்லோரும் வருவார்கள். கேமரா பதிவுப் பெட்டியைத் தேடி முதலாளியின் போன் வரும். கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் கணினியைத் தேடி மற்றக் கணினிகள் வரும். இரண்டாவது வைஃபை பெட்டி இருந்தால், அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க நீங்களே தேடி வருவீர்கள். அவ்வளவுதான். வகுப்பில் இருக்கும் மாணவர் கணினிகளை யாரும் தேடி வருவதில்லை. அவற்றுக்குக் கையால் எண் போடுவது வீண் வேலை.

பிரிண்டர் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினியைத் திறந்தால் ஒரே பிரிண்டர் ஐந்து தடவை பட்டியலில் இருந்தது: பெயர், அதன் பின்னால் காப்பி 1, காப்பி 2 என்று. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் "ஆஃப்லைன்" வந்ததும் கடைப் பையன் புதிதாகச் சேர்த்திருக்கிறான். பழுது பிரிண்டரில் இல்லை. பிரிண்டரைச் சேர்த்தபோது அதன் முகவரி 103-இல் முடிந்தது. விண்டோஸ் அந்த எண்ணையே போர்ட் என்று எழுதி வைத்துக்கொண்டது. கரண்ட் போய் வந்த பிறகு பிரிண்டருக்கு 106 கிடைத்தது. 103 யாரிடம் என்று பார்த்தால் வாசலில் நின்ற வாடிக்கையாளரின் போனில். பாவம், கணினி அந்தப் போனிடம் போய் "இதை அச்சடி" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

5. முதலில் ரவுட்டரின் தொகுப்பைச் சுருக்குங்கள்

பிரவுசரில் கேட்வே எண்ணை அடித்து ரவுட்டருக்குள் போங்கள். வழக்கமாக 192.168.0.1 அல்லது 192.168.1.1, சில ஃபைபர் பெட்டிகளில் 192.168.100.1. உள்ளே லேன் (கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்) என்ற பகுதியில் டிஎச்சிபி சர்வர் இருக்கும். வேன் என்று எழுதியிருக்கும் பகுதி இணைப்பு நிறுவனத்தின் பக்கம். அதைத் தொடவே தொடாதீர்கள். லேன், வேன் இரண்டும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஓர் எழுத்துத் தவறால் ஒரு நாள் கடை மூடியதைப் பார்த்திருக்கிறேன்.

டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க முகவரி, இறுதி முகவரி என்று இரண்டு இருக்கும். ரவுட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்துதான் எடுத்துக் கொடுக்கும். இதைத்தான் தொகுப்பு என்கிறேன். சிலவற்றில் கடைசி எண் 100 முதல் 199 வரை, சிலவற்றில் 2 முதல் 254 வரை முழுவதும் திறந்திருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து. நீங்கள் பிரிண்டருக்குக் கையால் 50 என்று எழுதினாலும் ரவுட்டருக்கு அது தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும் ஒரு நாள் 50-ஐ வேறொரு போனுக்குக் கொடுத்துவிடும்.

அதனால் தொடக்கம் 100, இறுதி 199 என்று வையுங்கள். 2 முதல் 99 வரை உங்கள் கையில். நூறு கருவிகள் ஒரே நேரத்தில் வருகிற சின்னக் கடை இருக்காது. 200-க்கு மேல் உள்ளதைக் காலியாக விடுங்கள், பின்னால் எதற்காவது ஆகும்.

இனி குத்தகைக் காலம். பல ரவுட்டர்களில் ஆலையில் இருந்து 120 நிமிடம் என்று வரும். நாலு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் எல்லாக் குத்தகையும் அதற்குள் காலாவதி. போதாக்குறைக்கு, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைப் பல மலிவு ரவுட்டர்கள் அணைந்ததும் மறந்துவிடும். கரண்ட் வந்ததும் முதலில் வந்தவருக்கு முதல் முகவரி. அதனால்தான் இங்கே முகவரி மாறுவது இவ்வளவு அதிகம்.

மாணவர்கள் மட்டும் வருகிற வகுப்பு, ஊழியர்கள் மட்டும் உள்ள அலுவலகம் என்றால் 1440 நிமிடம், அதாவது ஒரு நாள் வையுங்கள். வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கும் கடை என்றால் 120-ஐ மாற்றாதீர்கள். ஒரு நாள் குத்தகை கொடுத்தால், காலையில் வந்து ஐந்து நிமிடம் நின்றவரும் மறுநாள் காலைவரை ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருப்பார். நூறும் தீர்ந்ததும், அடுத்து வருபவருக்கு "இணைகிறது… இணைகிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

6. ரவுட்டரிலேயே பதிந்து வையுங்கள்

நான் முதலில் முயற்சி செய்வது எப்போதும் இதுதான். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் ஆலையில் கொடுத்த ஒரு மேக் முகவரி உண்டு: இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும். "இந்த மேக் வந்து கேட்டால் இந்த முகவரியைத்தான் கொடு" என்று ரவுட்டரில் பதிந்துவிடலாம். ரவுட்டருக்கு ரவுட்டர் இதன் பெயர் மாறும்: அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டாட்டிக் டிஎச்சிபி, ஐபி–மேக் பைண்டிங் என்று ஏதோ ஒன்று இருக்கும்.

ஏன் இது மேல்? கருவி தானியங்கியாகவே இருக்கும், ஆனால் முகவரி மாறாது. நாளைக்கு ரவுட்டரை மாற்றினால், கேட்வே வேறானால், எல்லாக் கருவிகளும் புது எண்களைத் தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் பதிவை மட்டும் மறுபடி எழுதினால் போதும். கருவிக்குள் எழுதியிருந்தால் ஒவ்வொரு பிரிண்டரின் சின்னத் திரையிலும் போய் அம்புக்குறியை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

செய்முறை: பிரிண்டரை இயக்கி நெட்வொர்க்கில் இருக்க விடுங்கள். ரவுட்டரில் டிஎச்சிபி கிளையன்ட் பட்டியலைத் திறந்தால் அதன் மேக் எழுதியிருக்கும். அங்கிருந்தே எடுத்து ஒட்டுங்கள். கையால் அடித்தால் பூஜ்யத்துக்கும் 'ஓ'வுக்கும் இடையில் தடுமாறுவீர்கள். மேக் முகவரியில் 'ஓ' வரவே வராது. எழுத்தென்றால் ஏ முதல் எஃப் வரை மட்டும்.

பிரிண்டருக்கு 20 என்று கொடுத்தேன் என்று வைத்துக்கொள்வோம். சில ரவுட்டர்கள் தொகுப்புக்கு வெளியே உள்ள எண்ணை ஏற்காமல் பிழை காட்டும். அப்படி என்றால் தொகுப்புக்கு உள்ளே, 180 மாதிரி ஒன்றைக் கொடுங்கள். ரவுட்டரே பதிந்து வைத்திருப்பதால் அதை வேறு யாருக்கும் கொடுக்காது.

சேமித்தவுடன் மாறாது. கருவி பழைய குத்தகையில்தான் இருக்கும். பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். கணினி என்றால் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் /ரென்யூ. "பதிந்தேன், வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

மீதிப் பேர் மேக்கில் தவறியிருப்பார்கள். லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு இன்னொரு மேக். ஒன்றைப் பதிந்துவிட்டு மற்றதில் இணைந்தால் வேறு முகவரிதான் வரும். போன்கள் இன்னும் ஒரு படி மேலே: ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும், வைஃபையில் உண்மையான மேக்கைக் காட்டாமல் ஒரு பொய் மேக்கைக் காட்டும். பழைய போன் ஒன்றைக் கடையில் நிரந்தரமாக எதற்காவது வைத்திருந்தால், அந்த வைஃபையின் விவரத்துக்குள் போய், போனின் சொந்த மேக்கைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டுப் பிறகு பதியுங்கள்.

7. கையால்தான் எழுத வேண்டும் என்றால்

ரவுட்டரில் பதியும் வசதி இல்லாமல் இருக்கலாம். அல்லது கணக்குத் தரவு இருக்கும் கணினி, ரவுட்டர் செத்துக் கிடக்கும்போதும் சுவிட்ச் (கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வழியாக மற்றக் கணினிகளுக்குக் கிடைக்க வேண்டியிருக்கலாம். அப்போது அதை அணுகுகிற கணினிகளுக்கும் சேர்த்துக் கையால் எழுதுவது நியாயம்தான்.

எண்ணைத் தேர்ந்தெடுங்கள்: 2-க்கும் 99-க்கும் நடுவில், நோட்டில் இல்லாத ஒன்று. கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அங்கே ஆள் இருக்கிறது. பதில் வராவிட்டால் காலி என்று உடனே நம்பாதீர்கள். கருவி அணைந்திருக்கலாம்; விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் தடுக்கவும் செய்யும். பிங் அடித்த கையோடு ஏஆர்பி -ஏ என்று அடியுங்கள். பதில் சொல்லாத கருவியும் ஒரே கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மேக் இந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் ஐபி அசைன்மென்ட் என்ற வரியில் எடிட் பொத்தான் இருக்கும். மேனுவல் என்று மாற்றி ஐபிவி4-ஐ மட்டும் இயக்குங்கள். ஐபிவி6 பக்கம் போக வேண்டாம், அது தானாக இருக்கட்டும். நோட்டில் எழுதியபடி நிரப்புங்கள், எடுத்துக்காட்டாக:

முகவரி 192.168.1.30
மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.1.1
முதல் டிஎன்எஸ் 192.168.1.1
இரண்டாவது டிஎன்எஸ் 8.8.8.8 அல்லது 1.1.1.1

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி. செட்டிங்ஸ் வழியாகப் போனால் மாஸ்க் என்ற பெயர் இருக்காது, சப்நெட் பிரீஃபிக்ஸ் லெங்த் என்று இருக்கும். அங்கே 255.255.255.0 என்று எழுதினால் சேமிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும், எது தவறு என்று சொல்லாது. அங்கே எழுத வேண்டியது 24. எட்டு எட்டு எட்டாக மூன்று எண்கள், மொத்தம் 24 பிட்.

பிரிண்டரில் எழுதுவதானால் அதன் திரையில் நெட்வொர்க், டிசிபி/ஐபி என்று போய் மேனுவல் அல்லது ஸ்டாட்டிக் தேர்ந்தெடுங்கள். முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் எழுதுங்கள். பிறகு கணினியில் அந்த ஐந்து போலிப் பிரிண்டர்களையும் நீக்கிவிட்டு, புது முகவரியைக் கொடுத்து ஒரே தடவை சேருங்கள்.

புதுக் கேமரா வாங்கினால் இன்னொரு சிக்கல். ஆலையிலேயே ஒரு நிலையான முகவரியோடு வருபவை உண்டு, 192.168.1.108 மாதிரி. உங்கள் ரவுட்டர் 192.168.100.1 என்றால் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே பார்க்காது. ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தாலும், 108 உங்கள் தொகுப்புக்குள் விழுகிறது, மோதும். இந்த ஓர் இடத்தில் லேப்டாப்புக்குக் கையால் எழுதத்தான் வேண்டும்: லேப்டாப்பைக் கேமராவோடு கேபிளில் நேரே இணைத்து, லேப்டாப்புக்கு 192.168.1.50 கொடுத்து, பிரவுசரில் 108-ஐத் திறந்து, கேமராவின் முகவரியை மாற்றுங்கள். முடிந்ததும் லேப்டாப்பை மறுபடி தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்து, தான்லியின் என்ற ஊருக்குப் போய், அங்கே ஒரு வீட்டில் கேபிளைச் செருகிவிட்டு அவர்கள் ரவுட்டரை அரை மணி நேரம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அக்கா தேநீர் கொடுத்துவிட்டு, "எங்க போன்ல எல்லாம் நெட் வருதே தம்பி" என்றார்.

8. சோதனை: உள்ளிருந்து வெளியே

முதல் பிங் கேட்வேக்கு. பதில் வரவில்லையா, தவறு உங்கள் எண்ணிலோ மாஸ்க்கிலோ கேபிளிலோ. வெளியே எதையும் தேடாதீர்கள்.

இரண்டாவது பிங் 8.8.8.8-க்கு. கேட்வே பதில் சொல்லி இது சொல்லவில்லை என்றால், நீங்கள் எழுதிய கேட்வே எண் சரியா என்று ஒரு தடவை பாருங்கள். சரி என்றால் இணைப்பே இல்லை. உங்கள் வேலையில் குறையில்லை.

மூன்றாவது, ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயருக்கு. எண் பதில் சொல்கிறது, பெயர் சொல்லவில்லை என்றால் டிஎன்எஸ். இது மட்டும்தான் தொல்லை என்றால் முகவரியைக் கையால் எழுதத் தேவையே இல்லை. முகவரி தானாக இருக்க, ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளுக்கும் அது போய்ச் சேரும்.

9. கரண்ட் போய் வருவதுபோல் ஒரு தடவை செய்து பாருங்கள்

இதைச் செய்யாமல் கடையை விட்டு இறங்குவதில்லை. எல்லாவற்றையும் அணையுங்கள்: ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், பிரிண்டர், கணினிகள். ஒரு நிமிடம் விட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள், தெருவில் கரண்ட் வருகிறபோது நடப்பதைப் போலவே. ஐந்து நிமிடம் கழித்து ஒரு பக்கம் அச்சடியுங்கள். முதலாளியின் போனில் கேமரா தெரிகிறதா பாருங்கள்.

ஒரு கணினி 169.254-இல் மாட்டிக்கொண்டால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதுவே மறுபடி கேட்கும், பொறுங்கள். தினமும் மாட்டினால் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். இவை பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. 9 வோல்ட்டும் உண்டு, அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டர் அணையாமலே இருந்தால் மேலே சொன்ன தொல்லையில் பாதி கிட்டவே வராது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ஃபேனுக்கும் டிவிக்கும் மட்டும் லைன் இழுத்து, ரவுட்டரை விட்டுவைத்த வீடுகள் எத்தனையோ.

10. நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள்

இரண்டாவது ரவுட்டர். வைஃபை பின்னறைக்கு எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்துக் கேபிளில் மாட்டுவார்கள். லேன் துளைக்கும் லேன் துளைக்கும் இணைத்திருந்தால் இரண்டு பேரும் முகவரி கொடுப்பார்கள், யார் முந்துகிறாரோ அவர் பேச்சு எடுபடும். பாதிக் கணினிகளில் நெட் வரும், பாதியில் வராது, நாளைக்கு மாறி வரும். பழையதைத் தனியாக லேப்டாப்பில் மாட்டி அதன் லேன் முகவரியை 192.168.1.2 மாதிரி, முதல் ரவுட்டரின் கட்டடத்துக்குள் மாற்றுங்கள். பிறகு அதன் டிஎச்சிபியை அணையுங்கள். அப்புறம் மாட்டுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்தால் அதற்குள் மறுபடி நுழைய லேப்டாப்புக்குக் கையால் முகவரி எழுத வேண்டிவரும். அதனால்தான் இந்த வரிசை. ஆக்ஸஸ் பாயின்ட் மோடு என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் இதையெல்லாம் அதுவே செய்துகொள்ளும்.

லேப்டாப்பில் நிலையான முகவரி. கடையில் வேலை செய்யும், வீட்டில் செய்யாது, தேநீர்க் கடையில் செய்யாது. வீட்டுக்குப் போய் வருகிற எந்தக் கருவிக்கும் கையால் எழுதாதீர்கள். ரவுட்டரில் பதிவு என்றால் இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்துக் கணினியைப் பார்த்து எழுதுவது. நாலு எண்களையும் அப்படியே பார்த்து எழுதுவார்கள், முகவரி உட்பட. ஐபி முரண்பாடு என்று விண்டோஸ் கத்தும். மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மூன்றும் ஒன்றாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். முகவரியின் கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

எழுதாமல் விடுவது. ரவுட்டரின் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: கேட்வே எண், தொகுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, 20 பிரிண்டர், 30 கணக்குக் கணினி, 40 கேமரா, மாற்றிய தேதி. தமிழ், பர்மியம் இரண்டிலும் எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த தடவை வருகிற ஆள் நானாக இருக்க மாட்டேன். கடவுச்சொல்லை மட்டும் அந்தக் காகிதத்தில் எழுத வேண்டாம், அது முதலாளியின் நோட்டில் இருக்கட்டும்.